ஒரு நகரம், இரண்டு வினாக்கள்

இறைவாக்கினர் நூல்களுள் வினாவோடு முடிவுறுகின்றவை இரண்டே. ஒன்று நாகூம், மற்றொன்று யோனா. இரண்டும் சிறு நூல்கள். நாகூமில் 3 அதிகாரங்கள், 47 வசனங்கள். யோனாவில் 4 அதிகாரங்கள், 48 வசனங்கள். இரண்டிற்கும் பொருளாக அமைந்ததும் ஒரே நகரம்: அசீரியப் பேரரசின் தலைநகராகிய நினிவே. ஆயினும் ஒரு நூல் அந்நகரின் அழிவு கண்டு கைகொட்டுகின்றது. மற்றொரு நூல், அந்நகர் அழியாமல் பிழைத்ததற்காக முகம் சுளித்த ஓர் இறைவாக்கினரைக் கடிந்துகொள்கின்றது.

வல்லரசுகளின் செருக்கையும் வீழ்ச்சியையும் பற்றி மறையுரைகளிலும் தவக்காலத் தியானங்களிலும் நாம் அடிக்கடி கேட்கின்றோம். பாபேல் கோபுரம், பார்வோனின் தேர்ப்படை, நெபுகத்னேசர் புல் மேய்ந்தது ஆகியவை எல்லாம் நமக்கு மனப்பாடம். செருக்குற்றவன் வீழ்ந்தான் என்று நீதி சொல்லி முடித்துவிடுவது நமது வழக்கம். அந்த நீதி தவறானதன்று. ஆனால், அவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்ற வாசகன் விவிலியம் அடுத்துக் கேட்கின்ற கேள்வியைக் கேளாமலே ஏட்டை மூடிவிடுகின்றான். வல்லவன் வீழ்கின்றபோது அதனைப் பார்த்து நிற்கின்ற நம் உள்ளத்தில் நிகழ்வது என்ன? நாகூமையும் யோனாவையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் இக்கேள்வி முழுமையாகப் புலப்படும். இலக்கியம் என்ற நோக்கிலும் இறைவார்த்தை என்ற நோக்கிலும் இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டு ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினிவேயின் செருக்கு

அசீரியாவின் செருக்கு விவிலிய ஆசிரியர்கள் இட்டுக்கட்டிய செய்தியன்று. அதனை அசீரிய மன்னர்களே களிமண்ணிலும் கல்லிலும் பதித்து வைத்துள்ளனர். கி.மு. 722-இல் சமாரியா வீழ்ந்தது. வட நாட்டு மக்கள் நாடுகடத்தப்பட்டனர். கி.மு. 701-இல் சனகெரிபு யூதாவின்மீது படையெடுத்தான். அரண் சூழ்ந்த 46 நகர்களைப் பிடித்ததாகவும், 2,00,150 மக்களை வெளியேற்றியதாகவும், எசேக்கியா அரசரைக் கூண்டில் அடைபட்ட பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகவும் அவனது கல்வெட்டு பெருமை பேசுகின்றது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அவனே கூறவில்லை.

இலாக்கிசு நகரைப் பிடித்த காட்சியை அவன் தன் நினிவே அரண்மனையின் சுவர்களில் கற்சிற்பங்களாகச் செதுக்கச் செய்தான். கழுவில் ஏற்றப்பட்டோர், தோலுரிக்கப்பட்டோர், மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் வண்டிகளில் அடிமைகளாகச் செல்வோர் ஆகிய அனைவரையும் இன்றும் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் காணலாம். பிற்கால மன்னனாகிய அசூர்பனிபாலின் சிற்பம் ஒன்று இன்னும் கொடியது. தோட்டத்தில் கொடிப்பந்தலின் கீழ் மன்னன் சாய்ந்திருக்கின்றான், அரசி எதிரே அமர்ந்திருக்கின்றாள், இசை ஒலிக்கின்றது. அருகிலுள்ள மரத்தில் தோற்றுப்போன ஏலாம் நாட்டு மன்னனின் வெட்டுண்ட தலை தொங்குகின்றது. கொடுமை செய்வது ஒன்று. அக்கொடுமையை விருந்து மண்டபத்தின் அலங்காரமாக்குவது மற்றொன்று. செருக்கு என்று விவிலியம் அழைப்பது இந்த இரண்டாவதையே.

இச்செருக்கின் வேரை எசாயா மிக நுட்பமாகக் கண்டறிந்தார் (10:5-15). அசீரியா ஆண்டவரின் கையிலிருந்த ஒரு கோல். ஆனால் அது தன்னையே கையென்று எண்ணிக்கொண்டது. வெட்டுகின்றவனுக்கு எதிராகக் கோடரி பெருமை பேசலாமா என்பது அவரது வாதம். ஆற்றல் இருப்பது பாவமன்று. ஆற்றல் தன்னிடமிருந்தே தோன்றியதாக எண்ணுவதே பாவம். தனக்கு நிகர் யாருமில்லை என்று உள்ளத்தில் சொல்லிக்கொண்ட நகர் என்றே செப்பனியாவும் நினிவேயைக் குறிப்பிடுகின்றார் (2:15).

நாகூமின் பாடல்

எகிப்தின் தீப்ஸ் நகரம் வீழ்ந்ததை நாகூம் நடந்து முடிந்த நிகழ்ச்சியாகக் குறிப்பிடுகின்றார் (3:8-10). அந்நகரை அசீரியர் கி.மு. 663 அளவில் சூறையாடினர். நினிவே வீழ்ந்தது கி.மு. 612-இல். எனவே இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நூல் எழுந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

கவிதை என்ற அளவில் பழைய ஏற்பாட்டில் இதற்கு இணையானவை சிலவே. மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வினைச்சொற்கள் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றன. சாட்டையின் ஓசை, சக்கரங்களின் இரைச்சல், பாயும் குதிரை, மின்னும் வாள், குவிந்த பிணம் என்று பெயர்ச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. போரைப் பற்றிக் கேள்விப்படுகின்ற உணர்வன்று, போரின் நடுவே நிற்கின்ற உணர்வே வாசகனுக்கு ஏற்படுகின்றது. உவமைகளும் குறிபார்த்து எய்யப்பட்டவை. அசீரிய மன்னர்கள் சிங்க வேட்டையில் பெருமிதம் கொண்டவர்கள். அசூர்பனிபாலின் வேட்டைச் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை. நாகூமோ அந்த நகரையே ஒரு சிங்கக் குகையாக்கி, அந்தக் குகை இப்போது எங்கே என்று கேட்கின்றார் (2:11-12). நினிவேயின் அதிகாரிகளை அவர் வெட்டுக்கிளிகளுக்கு ஒப்பிடுகின்றார். குளிர் நாளில் அவை மதிலின்மேல் அடர்ந்து கிடக்கும். கதிரவன் எழுந்ததும் பறந்துவிடும். போன இடம் தெரியாது (3:17). பேரரசின் அதிகார வர்க்கத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எவர் சொல்ல இயலும்?

இந்நூலின் உண்மையான வலிமை அதன் இறுதி வினாவில் உள்ளது. அசீரிய மன்னனைப் பார்த்து, உன் ஓயாத கொடுமைக்கு ஆளாகாதவர் எவர் என்று நாகூம் கேட்கின்றார். இது வெறியின் குரலன்று. சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பவரின் குரல். இலாக்கிசின் சுவர்ச் சிற்பத்தில் வாய் பேசாது நடந்து செல்கின்றார்களே, அவர்களுக்குக் கிடைத்த குரல் இது. நாகூம் என்ற பெயருக்கே ஆறுதல் என்பது பொருள். மிதிபட்டவனுக்குக் கொடுங்கோலனின் வீழ்ச்சி ஆறுதலாகவே இருக்கும் என்பதை மறுப்பவர், ஒருநாளும் மிதிபடாதவராகவே இருத்தல் வேண்டும்.

ஆயினும் திறனாய்வு என்பது புகழ்ச்சி மட்டுமன்று. இந்நூலில் இரு குறைகளை நாம் மனந்திறந்து சுட்டவேண்டியுள்ளது. முதலாவது, நினிவேயை ஒரு பெண்ணாக உருவகித்து, அவளது ஆடையைக் களைந்து அவமானப்படுத்துகின்ற காட்சி (3:5-6). அக்காலப் போர்களில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையே இங்கே தண்டனையின் உருவகமாகிவிட்டது. இறைவார்த்தை மனிதச் சொற்களில் வருகின்றது என்று திருச்சங்கம் கற்பிப்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டிய இடம் இது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஆமோசு பிற நாடுகளைச் சாடிய பின் இஸ்ரயேல் பக்கம் திரும்புகின்றார். செப்பனியா நினிவேயைச் சாடிய அடுத்த மூச்சிலேயே எருசலேமைச் சாடுகின்றார். நாகூமிலோ யூதாவின் பாவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பகைவன் வீழ்ந்தான், நாம் விழா கொண்டாடுவோம் என்பதோடு அவர் நின்றுவிடுகின்றார். நினிவேயை வீழ்த்தியவர்கள் மேதியரும் பாபிலோனியரும். அதே பாபிலோன், கால் நூற்றாண்டிற்குள் எருசலேமையும் அதன் கோவிலையும் எரித்தது. கைகொட்டிய கைகளுக்கே விலங்கு பூட்டப்பட்டது.

யோனாவின் கதை

யோனா நூலை மீனின் கதையாக மட்டுமே நாம் சிறுவயதில் கேட்டோம். மீனுக்கு அந்நூலில் கிடைப்பவை மூன்றே வசனங்கள். இந்நூல் நாடுகடத்தலுக்குப் பிற்பட்ட காலத்தைச் சார்ந்தது என்பதே இன்றைய கத்தோலிக்க விவிலிய அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. இக்கருத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு பேருண்மை விளங்கும். இக்கதையை முதன்முதலில் கேட்டவர்களுக்கு நினிவே ஏற்கெனவே அழிந்துபோன நகரம். அதன் கல்லறைமேல் நின்றுதான், அந்நகர் ஒருநாள் மனந்திரும்பியது என்ற கதையை ஆசிரியர் சொல்கின்றார். நகரைக் கடக்க மூன்று நாள் பயணம் வேண்டும் என்கின்றார். அகழாய்வு காட்டுகின்ற மதிலின் சுற்றளவோ ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். ஆசிரியர் நில அளவையாளர் அல்லர். கேட்பவரின் உள்ளத்தில் நினிவே எவ்வளவு பெரிதாக உறைந்திருந்தது என்பதையே அவர் அளந்து காட்டுகின்றார்.

யோனாவின் மறையுரை எபிரேய மொழியில் ஐந்தே சொற்கள். அவற்றுள் இறுதிச் சொல் இருபொருள் கொண்டது. சோதோம் அழிக்கப்பட்டதைக் குறிக்கவும் அதே வினைச்சொல் ஆளப்படுகின்றது. ஒன்று முற்றிலும் வேறொன்றாக மாறுவதைக் குறிக்கவும் அதுவே பயன்படுகின்றது. தமிழில் புரட்டிப்போடுதல் என்று சொன்னால் இரு பொருளையும் ஓரளவு உணர்த்தலாம். நாற்பது நாளில் நினிவே புரட்டிப்போடப்படும் என்று யோனா அறிவித்தார். அவர் நினைத்த பொருளில் அது நிறைவேறவில்லை. இறைவன் நினைத்த பொருளில் நிறைவேறியது.

செருக்கைப் பற்றிய இந்நூலின் முதன்மையான பாடம் மூன்றாம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில் உள்ளது. செய்தி கேட்ட மன்னன் நான்கு செயல்களைச் செய்கின்றான்: அரியணையை விட்டு எழுகின்றான்; அரச உடையைக் களைகின்றான்; சாக்கு உடுத்துகின்றான்; சாம்பலில் அமர்கின்றான். நாகூமின் நூலில் நினிவேயின் ஆடையைப் பிறர் களைகின்றனர். இங்கோ மன்னன் தானே களைகின்றான். அரியணையிலிருந்து இறங்குவதற்கு வல்லவனுக்கு இரு வழிகள் உண்டு. தானே இறங்கலாம், அல்லது இறக்கப்படலாம். வலியோரை ஆண்டவர் அரியணையிலிருந்து இறக்கியதாக நம் அன்னை மரியா பாடியது இரண்டாவது வழியை. முதல் வழியும் உண்டு என்று சொல்லித் தருவதே யோனா நூல்.

இக்கதையின் இறுதியில் செருக்கோடு எஞ்சியிருப்பவர் யார்? மன்னன் அல்லன், மக்கள் அல்லர், சாக்கு உடுத்திய ஆடுமாடுகளும் அல்ல. நகருக்கு வெளியே பந்தலிட்டு, அழிவு வருமா என்று வேடிக்கை பார்க்க அமர்ந்திருக்கின்ற இறைவாக்கினர்தான். தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்காக அவர் சாகும் அளவிற்குச் சினம் கொள்கின்றார். இடக்கை வலக்கை அறியாத இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களும் எத்தனையோ கால்நடைகளும் உள்ள நகருக்காக நான் இரங்கக்கூடாதா என்று ஆண்டவர் வினவுகின்றார். யோனா விடை சொன்னதாக நூலில் இல்லை.

ஒரே அறிக்கை, இரு வாசிப்பு

இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று அறியாதவை எனச் சொல்ல இயலாது. சீனாய் மலையில் ஆண்டவர் தம்மைப்பற்றி வெளிப்படுத்தியதை (விடுதலைப் பயணம் 34:6-7) இரண்டும் எடுத்தாளுகின்றன. அங்கே இரக்கமும் உண்டு, குற்றத்தைத் தண்டிக்காமல் விடாத நீதியும் உண்டு. நாகூம் அதில் சினம் கொள்ளத் தாமதிப்பதையும் தண்டிக்காமல் விடாததையும் எடுத்துக்கொண்டு, பேரன்பு என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் பேராற்றல் என்று வைக்கின்றார் (1:3). யோனாவோ இரக்கத்தைச் சொல்கின்ற பகுதியை மட்டும் சொல்லித் தண்டனையை விட்டுவிடுகின்றார் (4:2). அதையும் நன்றியாக அன்று, குற்றச்சாட்டாகச் சொல்கின்றார்! கிரேக்க எழுபதின்மர் பதிப்பில் யோனாவை அடுத்து உடனே நாகூம் வருகின்றது. ஒரு கேள்வியின் ஓசை அடங்குமுன் மற்றொரு நூல் தொடங்குகின்றது.

நம் கத்தோலிக்க விவிலியத்தில் இதற்கு வியப்பான மற்றொரு சான்று உண்டு. தோபித்து இறக்கும் தறுவாயில் தம் மகனை நினிவேயை விட்டு வெளியேறச் சொல்கின்றார். இறைவாக்கினர் உரைத்தது நிறைவேறும் என்கின்றார் (14:4). அந்த இறைவாக்கினர் யார்? சீனாய் கையெழுத்துப் படியில் நாகூம் என்றுள்ளது. வத்திக்கான் படியிலோ யோனா என்றுள்ளது. பழங்காலத்தில் ஏட்டைப் படியெடுத்தவர்களுக்கே இவ்விரு பெயர்களுக்கும் இடையே தெளிவு ஏற்படவில்லை. நினிவேக்கு இறுதிச் சொல் சொன்னவர் எவர் என்ற கேள்வி, விவிலியத்தின் ஏடுகளுக்குள்ளேயே முடிவுறாமல் கிடக்கின்றது.

வழிபாட்டில் திருச்சபை ஒரு தேர்வைச் செய்துள்ளது. யோனாவின் நினிவேப் பகுதி பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறன்று இரண்டாம் ஆண்டு வட்டத்தில் வாசிக்கப்படுகின்றது. தவக்காலத்தின் முதல் வாரத்திலும் வருகின்றது. நாகூமுக்கு ஞாயிறு வாசகங்களில் இடமில்லை. ஈராண்டிற்கு ஒருமுறை ஒரு வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் மட்டுமே அவர் குரல் கேட்கின்றது. இத்தேர்வின் காரணம் நமக்குப் புரிகின்றது. ஆயினும் நாகூமை அறவே மறந்துவிட்ட சபை யோனாவையும் தவறாகப் புரிந்துகொள்ளும் என்றே நாம் கருதுகின்றோம்.

ஒரு தாயின் கேள்வி

நம் பங்கின் விவிலிய வகுப்பில் ஒருமுறை யோனா நூலை விளக்கிக்கொண்டிருந்தோம். செல்வாக்குள்ள ஒருவரிடம் தம் சிறு நிலத்தை இழந்து, பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி ஓய்ந்துபோன ஒரு தாய் அவ்வகுப்பில் இருந்தார். பாடம் முடிந்ததும் அவர் கேட்டார்: “சாமி, ராசா சாக்குத் துணி உடுத்துனது சரி. பிடுங்குனதைத் திருப்பிக் குடுத்தானா? அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?”

நூல்கள் பல படித்த விரிவுரையாளர் எவரும் இந்நூலைப் பற்றி இதைவிட நல்ல கேள்வி கேட்டதாக நமக்கு நினைவில்லை. அது நாகூமின் கேள்வி. அதை யோனாவின் நூலிடம் அவர் கேட்டார். அதற்கு விடையும் உண்டு. தத்தம் கைகளிலுள்ள வன்செயலை விட்டொழிக்குமாறு மன்னனின் ஆணை கூறுகின்றது (3:8). கைகளில் உள்ளது என்றால் அபகரித்ததும் அதில் அடங்கும். யூத இராபிகளின் தல்மூது இதை அழகாக விரிக்கின்றது: பிறருடைய உத்தரம் ஒன்றைத் திருடித் தன் மாளிகையில் வைத்துக் கட்டியவன்கூட, மாளிகை முழுவதையும் இடித்து, அந்த உத்தரத்தை எடுத்து உரியவரிடம் திருப்பிக் கொடுத்தானாம். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததும் இந்த மரபிலேதான். நினிவேக்குக் கிடைத்த மன்னிப்பு, மிதிபட்டவரின் கணக்கைக் கிழித்தெறிந்த மன்னிப்பன்று. மாளிகையை இடிக்க மனமில்லாதவன் சாக்கு உடுத்துவது நாடகமே.

ஆகவே, யோனாவை மட்டும் படிப்பவர், துன்புறுவோரைப் பார்த்து மன்னித்துவிடு, மறந்துவிடு என்று எளிதாகச் சொல்லிவிடுவார். நாகூமை மட்டும் படிப்பவர், இறைவனைத் தம் படைக்குத் தளபதியாக்கிவிடுவார். முதலாமவர் நீதியை இழக்கின்றார்; இரண்டாமவர் இறைவனையே இழக்கின்றார்.

மண்மேடு சொல்வது

கி.மு. 401-இல் கிரேக்கத் தளபதி செனபோன் தம் படையோடு நினிவேயின் இடிபாடுகளைக் கடந்து சென்றார். வீழ்ச்சிக்கு 211 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் அந்தப் பாழ்நகரின் மதிலை வருணிக்கின்றார். மேதியர் குடியிருந்த நகர் என்கின்றார். நினிவே என்ற பெயரை அவர் குறிப்பிடவே இல்லை. உலகம் நடுங்கிய ஒரு பெயர் இரண்டு நூற்றாண்டுகளில் அந்த மண்ணிலேயே மறைந்துபோயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டு தோண்டியபோதுதான் அரண்மனைகள் மீண்டும் வெளிச்சம் கண்டன.

இன்றைய ஈராக்கின் மோசுல் நகரத்தில் உள்ளது அந்த மண்மேடு. அதன் ஒரு பகுதியில் யோனாவின் கல்லறை எனப் போற்றப்பட்ட தலம், கிறிஸ்தவரும் இசுலாமியரும் மதித்த இடமாக விளங்கியது. 2014 ஜூலையில் ஐ.எஸ். தீவிரவாதிகள் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அதே மாதத்தில் மோசுலின் கிறிஸ்தவர்கள் வீடுவாசல் இழந்து விரட்டப்பட்டனர். தகர்ந்த தலத்தின் அடியில் எசர்கத்தோன் மன்னனின் அரண்மனை தென்பட்டது. வட ஈராக்கின் அல்கோஷ் என்னும் கல்தேயக் கத்தோலிக்க ஊரில் நாகூமின் கல்லறை என மரபு கூறுகின்ற தலம் இன்றும் நிற்கின்றது. 2021 மார்ச் 7-ஆம் நாள் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மோசுலின் இடிந்த ஆலயங்களுக்கு நடுவே நின்று, போரில் இறந்தோருக்காகச் செபித்தார். பழிக்குப் பழி கேட்கும் உரிமை எவருக்கேனும் உண்டென்றால் அந்த மண்ணின் கிறிஸ்தவர்களுக்கு உண்டு. ஆனால், அவர்களது கீழைச் சபைகள் நூற்றாண்டுகளாக ஆண்டுதோறும் மூன்று நாள் நினிவே நோன்பு காத்துவருகின்றன. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் குறவிலங்காட்டில் மூன்று நோன்புத் திருநாளன்று கப்பல் உருவத்தைத் தோளில் சுமந்து பவனி வருகின்றார்களே, அதுவும் இதே மரபின் கிளைதான். பகைவரின் நகரம் மனந்திரும்பியதை நினைத்துத் தாங்கள் நோன்பிருக்கின்ற சபையார், யோனாவிடம் ஆண்டவர் கேட்ட கேள்விக்குத் தங்கள் வயிற்றால் விடை சொல்கின்றனர்.

நமக்கு விடப்பட்டவை

நம் ஆண்டவர் இவ்விரு குரல்களையும் அறிந்திருந்தார். விண்வரை உயர்த்தப்படுவோம் என்று எண்ணிய கப்பர்நாகும் பாதாளம்வரை தாழ்த்தப்படும் என்று அவர் எச்சரித்தார். அந்த ஊரின் பெயரிலேயே நாகூமின் பெயர் அடங்கியிருக்கின்றது. தீர்ப்பு நாளில் நினிவே மக்கள் எழுந்து இத்தலைமுறையைக் கண்டனம் செய்வர் என்றும் அவர் கூறினார். கொடுங்கோன்மையின் தலைநகர் நம்பிக்கை கொண்டோருக்கு எதிரான சாட்சியாக மாறியது. எருசலேமின் அழிவை அவர் முன்னறிவித்தபோதோ கைகொட்டவில்லை. பந்தலிட்டு வேடிக்கை பார்க்கவும் இல்லை. நகரைப் பார்த்து அழுதார் (லூக்கா 19:41). அழிவு நேரும் என்பதில் அவர் நாகூமைப் போல் உறுதியாக இருந்தார். அழிவை விரும்பாததில் யோனாவை அனுப்பிய இறைவனாகவே இருந்தார்.

நாடுகளின் செருக்கைப் பற்றி எழுதுவது எளிது. அவை தொலைவில் உள்ளன. ஆனால் ஒரு குடும்பத் தலைவருக்கும், ஓர் ஊர்ப் பெரியவருக்கும், ஒரு பங்குப் பேரவைக்கும், பங்குத்தந்தைக்கும்கூடச் சிறியதோர் அரியணை இருக்கவே செய்கின்றது. அதில் அமர்ந்திருக்கின்றபோது நாகூமின் இறுதி வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: நம்மால் புண்படாதவர் எவர்? நம்மைப் புண்படுத்தியவர் வீழ்கின்றபோது யோனாவின் இறுதி வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: அவருக்காக இறைவன் இரங்கக்கூடாதா? பெரும்பாலும் நாம் இவற்றை மாற்றிக் கேட்டுவிடுகின்றோம். நமக்கு இரக்கத்தையும் பிறருக்கு நீதியையும் வேண்டுகின்றோம். இரண்டு நூல்களையும் உரிய இடத்தில் திறப்பதற்குக் கற்றுக்கொள்வதே, நினிவேயின் மண்மேடு நமக்குத் தருகின்ற பாடம்.